உப்புத் தண்ணியப் பாடினது யாரு

உக்காருங்க சார், பரவால்ல. கையில விலங்கு மாட்டியிருக்கறத பாத்து பயந்துக்காதீங்க. ஏட்டய்யா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் நவுந்துக்கங்க, சாருக்கு எடம் வேணும். இந்த பஸ்ஸுல வேலூர் வரைக்கும் நின்னுகினே போவாரா மனுஷன்? தோ, ஆச்சு. பைய எதுக்கு சார் மடியில இறுக்கிப் புடிக்கிறீங்க, கீழ வைங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் அடிதடிக்காரன் கிடையாது. அரக்கோணத்துல வந்து தட்சிணாமூர்த்தி எப்படின்னு யார வேணா கேட்டுப் பாருங்க. அம்பத்தூர்ல ஒரு பிரஸ் ஷாப்புல பதினாறு வருஷமா தகடு வெட்டறேன், என் மேல ஒரு புகார் கிடையாது. ஒரு தடவ சூப்பர்வைசர் மேல ஸ்பானர விட்டெறிஞ்சேன். அது அவர் மேல படவே இல்ல, பின்னாடி இருந்த கண்ணாடியிலதான் பட்டுது. அதையெல்லாம் சேக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஆளுக்கு இன்னிக்கு மூணு வருஷம் போட்டுட்டாரு ஜட்ஜு. எதுக்கு? உண்மைய சொன்னதுக்கு. ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா இந்நேரத்துக்கு வூட்ல உக்காந்து மீன் கொழம்பு ஊத்தி சாப்ட்டுகினு இருப்பேன். சிரிக்காதீங்க ஏட்டய்யா, நீங்க பாதிதான் கேட்டீங்க.

'துரு' கேள்விப்பட்டிருக்கீங்களா சார்? இரும்புல புடிக்கிறது இல்ல. பேண்டு. கல்யாணத்துக்கு ஊதற பேண்டும் இல்ல. பெரம்பூர் பசங்க நாலு பேரு. கிரஞ்சுன்னு சொல்வாங்க அந்த மாதிரி பாட்ட. கிட்டார்ல கரண்ட ஏத்தி கர்ருன்னு இழுப்பாங்க, எங்க ஷாப்புல தகடு வெட்டறப்ப வருமே, அந்த சத்தம்தான். அதுக்கு நடுவுல ஒருத்தன் தொண்ட கிழியக் கத்துவான். மொத தடவ கேட்டப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். நாள் பூரா காதுல வாங்கற சத்தத்த ஒருத்தன் பாட்டா பண்ணியிருக்கான்! அவன் பேரு டெரன்ஸ். டெரன்ஸ் அண்ணன். கூட இன்னொருத்தன் பாடுவான், கீரன். நல்லாதான் பாடுவான், நான் இல்லங்கல. ஆனா டெரன்ஸ் பாடினா வயித்துல இருந்து வரும், கீரனுக்கு வாயில இருந்து வரும். இத நான் சொன்னா ரத்தினத்துக்கு மூக்கு மேல கோவம் வந்துடும்.

ரத்தினம் யாருன்னா, முனிரத்தினம், என் ஃப்ரெண்டு. ஐ.டி.ஐ.யில இருந்து ஒண்ணா இருக்கோம். எங்க ஷாப்புக்கு அடுத்த ஷெட்டுல பேக்கிங்ல இருந்தான். இந்த வெரல பாருங்க, பாதி இல்ல பாத்தீங்களா? பிரஸ்ஸுல போச்சு. அன்னிக்கு அந்த துண்டு வெரல தேடி எடுத்து, தன் டிபன் பாக்ஸுல இருந்த சோத்த கொட்டிட்டு, பக்கத்துல ஜூஸ் கடையில ஐஸு வாங்கி அதுல போட்டு, ஒரு கையில டிபன் பாக்ஸு ஒரு கையில நானுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் அவன். வெரலு ஒட்டல, அது வேற. அவன் ஓடினான் இல்ல?

தினமும் காலையில ஒரே யூனிட்டு வண்டி எங்களுக்கு, அதான் சார் லோக்கல் ட்ரெயினு. நான் ஜன்னலோரம், அவன் பக்கத்துல. எங்கிட்டதான் பாட்டு ஏத்தின போனு இருந்துது, அவன்கிட்ட வெறும் பட்டன் போனு. அதனால ஒரே இயர்போன ஆளுக்கு ஒண்ணா மாட்டிப்போம். எடது பக்கத்து ஒயரு எனக்கு, வலது பக்கத்து ஒயரு அவனுக்கு. பத்து வருஷம் சார். ரெண்டையும் நானே மாட்டிகிட்டா கூட இருக்கிறவனுக்கு இன்னா மரியாத? அவன் லீவு போட்ட நாள்லகூட அந்த ஒண்ண என் சட்டப் பாக்கெட்டுல போட்டு வச்சிப்பேன். காதுல வைக்க மாட்டேன், அது அவன்து. வூட்லயும் சும்மா போனு ஸ்பீக்கர்ல போட்டு விட்டு கேப்பேன்.

எங்களுக்கு ஒரு மன்றம் இருந்துது. 'துரு ரசிகர் நற்பணி மன்றம், அரக்கோணம் நகரக் கிளை'. வெளிநாட்ல இந்த மாதிரி பேண்டுக்கு மன்றம் வைக்க மாட்டாங்களாம், சும்மா கேட்டுட்டு போவாங்களாம். நாங்க அப்படி கிடையாது. லெட்டர் பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் உண்டு. ரத்தினம் தலைவர், நான் செயலாளர். மொத்தம் பதினோரு பேரு, பதினோரு பேருக்கும் பதவி இருந்துது. உறுப்பினர்னு ஒருத்தனும் கிடையாது.

அந்த மன்றத்த ஒடச்சது ஒரு ரெக்கார்டு. 'பவர்கட்டு'ன்னு பேரு. அப்பல்லாம் நாளுக்கு பாதி நேரம் கரண்டு இருக்காதே, ஞாபகம் இருக்கா? பெரம்பூர்ல ஏதோ கெடங்குல பாட்டு பழகறப்ப கரண்டு போயிடுச்சாம். கரண்டு கிட்டார வச்சிட்டு சாதா மரக் கிட்டார எடுத்துகினு, ட்ரம்ஸு இல்லாம, கத்தாம, ஆறு பாட்டு மெதுவா பாடிட்டாங்க. பேட்டரியில ஓடற மெஷின்ல பதிவு பண்ணாங்க. அதத்தான் வெளிய விட்டாங்க.

மன்றமே ரெண்டா போச்சு சார். கிட்டாருக்கு கரண்டு இல்லன்னா அது துருவான்னு ஒரு கும்பல். இதுதான்டா உண்மையான துரு, மேல இருந்த சத்தத்த சொரண்டி எடுத்துட்டா உள்ள இருக்கிறது இதுன்னு நானும் ரத்தினமும். இந்த விஷயத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு. காட்பாடி கிளையில இருந்து ஒருத்தன் வந்தான், பொதுக்குழுவுக்கு. ஸ்டேஷன் எதுர டீக்கடையிலதான் எங்க பொதுக்குழு. அவன் வந்து, இது ரெக்கார்டா தூக்க மாத்திரையா, எங்க வூட்டு கொழந்தைக்கு போட்டு தூங்க வைக்கிறோம்னான். நான் பொறுமையாதான் கேட்டுகினு இருந்தேன். மறுபடியும் சொன்னான். டீ கிளாஸோட மூஞ்சியில ஒண்ணு விட்டேன். ரெண்டு பல்லு. டீ சூடு ஆறிப் போயிருந்துது, அதனால பெரிசா ஒண்ணும் ஆவல. ரத்தினம்தான் என்னப் பின்னாடி இருந்து கட்டிப் புடிச்சி இழுத்துனு போனான். போற வழியில என்ன சொன்னான் தெரியுமா? "நீ அடிக்கலன்னா நான் அடிச்சிருப்பேன்டா." அப்படி இருந்தோம் நாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஆறு பாட்டுல மூணு டெரன்ஸு, ரெண்டு கீரன். அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. நாலாவது பாட்டு 'உப்புத் தண்ணி'. 'உப்புத் தண்ணி குடிச்ச வாயி, ஊரு பேர கேக்காத'ன்னு ஆரம்பிக்கும். இப்ப சொல்றப்பவே பாருங்க, கை முடி நிக்குது. அந்தப் பாட்டுக்கு அட்டையில பாடினது யாருன்னு பேரு போடல. 'துரு'ன்னு மட்டும் போட்டிருந்தாங்க. ஒரே கொரலு, கணீர்னு. யாரு?

டெரன்ஸுதான்னு நான் சொன்னேன். எப்படி தெரியும்னா, காது இருக்கு சார் எனக்கு! தினமும் அந்தாளு என் காதுக்குள்ள பாடறான். மூச்சு இழுக்கறது கேக்குது. எச்சி முழுங்கறது கேக்குது. ரத்தினம் பக்கத்துல உக்காந்து, அதே பாட்ட, அதே நேரத்துல, அதே இயர்போன்ல கேட்டுகினு, கீரன்னு சொல்றான். கண்ண மூடிகினு தலைய ஆட்டுவான், "கீரன் கொல்றான்டா"ன்னு. எனக்கு எப்படி இருக்கும்? மொதல்ல வெளையாட்டுக்கு சொல்றான்னு நெனச்சேன். அப்பறம் வேணும்னே சொல்றான்னு நெனச்சேன். திருவள்ளூர் வர்ற வரைக்கும் அதே சண்ட, ஆவடி வரைக்கும் அதே சண்ட. எதுர உக்கார்றவங்க எடம் மாத்திகினு போயிடுவாங்க.

அப்பறம் டெரன்ஸு செத்துட்டாரு. பைக்குல போறப்ப லாரி. மண்ட இருந்த எடம் தெரியலன்னு சொன்னாங்க, நாங்க போயி பாக்கறப்ப மூடிதான் வச்சிருந்தாங்க. கீரன் இன்னா பண்ணான்? ஒரு வருஷத்துல சினிமாவுக்கு பாடப் போயிட்டான். இப்ப சொல்லுங்க. ஒருத்தன் மண்ணுக்குள்ள, ஒருத்தன் ஏசி ஸ்டுடியோவுல. மண்ணுக்குள்ள இருக்கிறவனுக்கு பேரு சொல்ல இருந்தது அந்த ஒரு பாட்டு. அதையும் புடுங்கி உசுரோட இருக்கிறவனுக்கு குடுக்கறான் ரத்தினம். இது பாட்டு சண்டையா சார்? இது பொணத்துகிட்ட திருடறது.

என் பொண்டாட்டி கோமளா ஒரு தடவ நடுவுல பூந்தா. வூட்ல தையல் மெஷின்ல உக்காந்தா என் போன எடுத்து ரெண்டு காதுலயும் மாட்டிகினு தைப்பா, அவ பழக்கம் அது. "ஏங்க, அதுல ரெண்டு ஆம்பள கொரலு இல்ல கேக்குது"ன்னா. பாட்டு கேக்கற மூஞ்சியப் பாருன்னு கையில இருந்த சொம்ப விட்டெறிஞ்சேன். அவ மேல படல, சொவத்துலதான் பட்டுது. அதுக்கப்பறம் அவ அந்தப் பேச்சே எடுக்கல. நான் எதுக்கு சொல்றேன்னா, ஆளாளுக்கு கருத்து சொல்றாங்க, அப்ப நமக்கு எரிச்சல் வருமா வராதா?

நாலாம் வருஷ நினைவஞ்சலி வந்துது. ஞாயித்துக்கெழம காலையில ஸ்டேஷன் ரோட்டுல ஃப்ளெக்ஸு கட்டணும். செயலாளரு நான், வாசகம் நான்தான் எழுதினேன். டெரன்ஸு படம் பெருசா, கீழ, "'உப்புத் தண்ணி' தந்த உயிர்க்குரலே!"ன்னு. அச்சாகி வந்தப்பறம்தான் ரத்தினம் பாத்தான். இந்த வரிய எடுன்னான். அச்சாகிடுச்சுன்னேன். தலைவரு சொல்றேன் எடுன்னான். செயலாளரு சொல்றேன் எடுக்க மாட்டேன்னேன். திரும்பிப் போயிட்டான். நான் அதோட விட்டுட்டான்னு நெனச்சேன்.

நான் ஃப்ளெக்ஸ ஏத்தி நிறுத்திட்டு கீழ மரச் சட்டத்துக்கு ஆணி அடிச்சிகினு இருக்கேன், ரத்தினம் ஏணி மேல ஏறிட்டான். கையில கருப்பு பெயிண்டு டப்பா. அந்த வரி மேல பிரஷ்ஷால ஒரு இழு இழுத்தான். பெயிண்டு ஒழுகி டெரன்ஸு அண்ணன் தாடையில எறங்குது சார். செத்தவன் மூஞ்சியில! மிச்சம் கெடந்த ரீப்பர் கட்டை ஒண்ணு கையில இருந்துது. அதாலதான் தட்டினேன். ஒரு தட்டு.

சரி, மொதல்ல ஏணிய எட்டி ஒதச்சேன். கீழ விழுந்தான். எழுந்து நின்னான், மூக்குல ரத்தம். அப்பதான் தட்டினேன். அவன் சும்மா இருந்திருக்கணும் இல்ல? காதப் புடிச்சிகினு என்னைப் பாத்து சிரிக்கிறான். "நீ எத்தன அடிச்சாலும் அது கீரன்தான்டா"ன்றான். அப்ப ரெண்டாவது. அந்தக் கட்டையில ஆணி இருந்தது எனக்கு தெரியாது. கட்டைய இழுத்தா வர மாட்டேங்குது, எதுலயோ மாட்டிகிச்சு, வேகமா இழுத்தேன். இழுத்தப்ப கட்டையோட அவன் காதுல பாதி வந்துது. ரத்தம் என் சட்டையில, ஃப்ளெக்ஸுல, ரோட்டுல. நான் கைய நிறுத்திட்டேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். கோர்ட்டுல டாக்டரம்மா நாலு அடின்னு சொல்றாங்க. படிச்சவங்க சொல்றப்ப நாலுதான் இருக்கும். எனக்கு ரெண்டுதான் ஞாபகம்.

அவனுக்கு எடது காது போயிடுச்சு. வெளிய பாதி போச்சு, உள்ள முழுசா. இனிமே அந்தப் பக்கம் இடி இடிச்சாலும் கேக்காதாம்.

எனக்கு அழுகை வர்ல அப்ப. கோவம்தான் இருந்துது. நாப்பது நாள் உள்ள இருந்தேன், ஜாமீன்ல வந்தேன். வந்தா கோமளா ஒரு சேதி சொல்றா. ரேஷன் கடையில ரத்தினம் பொண்டாட்டி வசந்தாவ பாத்திருக்கா. ரத்தினம் சொல்லி அனுப்பியிருக்கான். 'ஏணியில இருந்து விழுந்தேன், ஆணி கிழிச்சிடுச்சு, யாரும் அடிக்கலன்னு கோர்ட்டுல சொல்லிடறேன். தட்சணா என் எதுர வந்து, உப்புத் தண்ணியப் பாடினது கீரன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். வேற ஒண்ணும் வேணாம்.' அவ்ளோதான் சேதி. கோமளா என் கால்ல விழுந்தா. சொல்லிட்டு வந்துடுங்க, பாட்டு யாரு பாடினா இன்னான்னு. யாரு பாடினா இன்னாவா! சாப்புட்டுகினு இருந்த தட்டு பறந்துது. இந்தத் தடவையும் சொவத்துலதான்.

செத்தவனுக்கு துரோகம் பண்ணி வெளிய இருக்கறதுக்கு உள்ளயே இருக்கலாம்னு சொல்லிட்டேன்.

மறுபடியும் வேலைக்கு போவ ஆரம்பிச்சேன். அதே யூனிட்டு வண்டி, அதே ஜன்னலோரம். பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க. உக்காந்தாலும் பேசறது என்னப் பத்திதான். 'இவன்தான்பா, கூடவே திரிஞ்சவன் காத அறுத்தவன்'ன்றான் ஒருத்தன், எனக்கு கேக்கற மாதிரியே. ஒரு நாள் மத்தியானம், ஷிஃப்டு முடிஞ்சி திரும்பி வரப்ப, நாலு பேரு சேந்துகினாங்க. அடிக்கலாம்னு எழுந்தேன். ஜாமீன்ல இருக்கோமேன்னு உக்காந்துட்டேன். அவங்க பேச்சு காதுல விழக் கூடாதுன்னு பாட்டப் போட்டேன். ஒரு காதுல போட்டா இன்னொரு காதுல அவங்க பேச்சு வருது. அதனால ரெண்டையும் மாட்டினேன்.

பத்து வருஷத்துல அன்னிக்குதான் சார் ரெண்டையும் மாட்டினேன்.

உப்புத் தண்ணி வந்துது. எடது காதுல டெரன்ஸு. வலது காதுல கீரன்.

ரெண்டு பேரும் ஒரே வரிய, ஒரே மூச்சுல, ஒருத்தன் மேல ஒருத்தன் ஒட்டின மாதிரி பாடறாங்க. ஆளுக்கு ஒரு மைக்கு வச்சிகினு எதுரும் புதுருமா உக்காந்து பாடியிருக்கணும். ஸ்பீக்கர்ல போட்டா ரெண்டும் கலந்து ஒரே கொரலா ஆயிடுது. இயர்போன்லதான் ஒருத்தன் இந்தப் பக்கம், ஒருத்தன் அந்தப் பக்கம். நான் வலதுல இருந்தத எடுத்தேன், கீரன் காணோம். வச்சேன், வந்துட்டான். எடதுல இருந்தத எடுத்தேன், டெரன்ஸு காணோம். எடுக்கறேன் வைக்கிறேன் எடுக்கறேன் வைக்கிறேன், பைத்தியக்காரன் மாதிரி. பத்து வருஷமா அவன் காதுல கீரன் பாடிகினு இருந்திருக்கான், என் காதுல டெரன்ஸு பாடிகினு இருந்திருக்காரு. ரத்தினம் பொய் சொல்லல சார். அவன் ஒரு நாள்கூட பொய் சொல்லல.

கோமளா அன்னிக்கே சொன்னான்னு நீங்க கேக்கலாம். அது வேற விஷயம். அவளுக்கு இன்னா தெரியும்.

எனக்கு எப்படி இருந்துது தெரியுமா? சந்தோஷம் சார்! அவ்ளோ சந்தோஷம். அவனும் கரெக்டு, நானும் கரெக்டு. டெரன்ஸுக்கும் துரோகம் இல்ல, கேசும் இல்ல, பழையபடி ஒண்ணா வண்டியில வரலாம். அரக்கோணத்துல எறங்கி நாலு மணி வெயில்ல ஓடினேன் அவன் வூட்டுக்கு. சாட்சிகிட்ட போவக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருந்தாரு, அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்ல.

வாசல்ல வசந்தா துணி தொவச்சிகினு இருந்துது. என்னப் பாத்த ஒடனே கையில இருந்த கட்டையாலயே விட்டுது. இங்க பாருங்க, நெத்தியில, தழும்பு. கண்ணுல ரத்தம் எறங்குது, நான் போனயும் இயர்போனயும் நீட்டிகினு நிக்கிறேன். மறுபடியும் ஓங்கிச்சு, தோள்ல ஒண்ணு, முட்டியில ஒண்ணு. அடிம்மா, நல்லா அடி, ஆனா அவன கூப்புடுன்னு கத்தினேன். ரத்தினம் வெளிய வந்தான். தலையில கட்டு இல்ல, ஆனா அந்தப் பக்கம் முடி இல்ல, காது இருந்த எடத்துல சுருங்கின தோலு கொஞ்சம். நான் அதப் பாக்கல. அவன் கண்ணத்தான் பாத்தேன்.

"டேய், ரெண்டு பேரும்டா! ரெண்டு பேரும் பாடியிருக்காங்கடா. நீயும் கரெக்டு, நானும் கரெக்டு."

"இந்தப் பக்கம் வந்து சொல்லு"ன்னான். சோத்தாங்கை பக்கம் காட்டினான்.

அந்தப் பக்கம் போயி சொன்னேன். நம்பல. இந்தா நீயே கேளுன்னு நானே மாட்டி விட்டேன். வலதுல ஒண்ணு. எடதுல ஒண்ணு. எடதுல நிக்க மாட்டேங்குது, விழுந்துகினே இருக்குது, கையால அழுத்திப் புடிச்சிகினேன். பாட்டப் போட்டேன். கண்ண மூடிகினு கேட்டான். முடிஞ்சதும் கண்ணத் தொறந்து, "கீரன்தான்டா"ன்னான்.

எனக்கு ஏறிச்சு பாருங்க! இவ்ளோ தூரம் ஓடி வந்து, ரத்தம் ஒழுக நின்னு சொல்றேன், இன்னும் அதே பிடிவாதம். சட்டையப் புடிச்சிட்டேன். அடிக்கல, புடிச்சேன் அவ்ளோதான். "நல்லா கேளுடா, இந்தப் பக்கம் கேளுடா, டெரன்ஸு இந்தப் பக்கம்டா"ன்னு அந்தக் காதுல கத்தறேன். அவன் அசையல. என் மூஞ்சியவே பாத்துகினு நிக்கிறான். வசந்தா கட்டைய கீழ போட்டுட்டு மொந்தானையால வாயப் பொத்திகிச்சு. அப்பதான் சார் எனக்கு ஒறச்சுது. நான் கத்திகினு இருந்தது எந்தக் காதுலன்னு.

கைய எடுத்துட்டேன். ரத்தினம்தான் மெதுவா, எடதுல நான் அழுத்திப் புடிச்சிருந்தத எடுத்து வலதுல வச்சான். பாட்ட மொதல்ல இருந்து போடச் சொன்னான். அவன் மூஞ்சி மாறிச்சு. "டெரன்ஸு"ன்னான். மாத்தி வச்சான். "கீரன்." மறுபடியும் மாத்தினான். டெரன்ஸு, கீரன், டெரன்ஸு, கீரன்னு அந்தப் பாட்ட நாலஞ்சு வாட்டி கேட்டான். நாங்க நிக்கிறதே அவனுக்கு ஞாபகம் இல்ல.

அப்பறம் என்னக் கேட்டான். "ரெண்டு பேரும் ஒண்ணா பாடினா எப்படிடா இருக்கு?"

நான் இன்னா சொல்வேன்? எப்படி சார் சொல்றது? அழுதேன்.

அவன் அழல. இயர்போன சுருட்டி என் பாக்கெட்டுல போட்டான். "உன்ன மன்னிச்சிட்டேன்டா நான்"னான். "டெரன்ஸு மேல இருக்கிற வெறியில அடிச்சிட்டான், நம்ம தட்சணாதானேன்னு மன்னிச்சிட்டேன். கீரனுக்காக நானும் அடிச்சிருப்பேன், கட்டை அவன் கையில இருந்துது, அவ்ளோதான்னு வசந்தாகிட்டயே சொன்னேன். ஒரு வார்த்த கேட்டேனே, அதுகூட ஜெயிக்கறதுக்கு இல்ல. போன காது எதுக்கோ போச்சுன்னு இருக்கட்டுமேன்னு கேட்டேன். இப்ப வந்து ரெண்டு பேரும்னு சொல்ற. அப்ப எதுக்குடா என்ன அடிச்ச?"

சொல்லு, எதுக்கு அடிச்சன்னு மறுபடியும் கேட்டான். "கெளம்பு. கோர்ட்டுல உள்ளத சொல்லிடறேன்"னு உள்ள போயி கதவ சாத்திகினான்.

இப்ப நீங்க சொல்லுங்க சார். கீரன்னு ஒரு பொய்ய சொல்லியிருந்தா ஏணியில விழுந்தேன்னு சொல்லியிருப்பான். உண்மைய கண்டுபுடிச்சி ஓடிப் போயி சொன்னதுக்கு மூணு வருஷம். நியாயமா இது? ஏட்டய்யா, நீங்க சொல்லுங்க, நியாயமா? வெளியவே பாக்கறாரு பாருங்க. இவ்ளோ நேரம் சிரிச்சாரு.

இன்னிக்கு காலையில அவனும் வந்திருந்தான். தீர்ப்பு கேக்க. வசந்தா இல்ல, தனியா வந்தான். நான் கூண்டுக்குள்ள. அவன் என் பக்கத்துலதான் நின்னான் சார், கை நீட்டினா தொடலாம், அவ்ளோ கிட்ட. ஜட்ஜய்யா பேசறது கேக்கணும்னு நல்ல காத அவரு பக்கம் திருப்பி வச்சிகினு நின்னான். அந்தக் காது இல்லாத பக்கம் என் பக்கம் இருந்துது. படிச்சி முடிச்சாரு, மூணு வருஷம்னாரு, கான்ஸ்டபிளு என் தோள்ல கை வச்சான்.

ரத்தினம்னு கூப்ட்டேன். திரும்பல. டேய் ரத்தினம்னு இன்னும் சத்தமா கூப்ட்டேன், மொத்த கோர்ட்டும் திரும்பிப் பாத்துது, ஜட்ஜய்யாவே பாத்தாரு. அவன் அப்படியே நேரா பாத்துகினு நின்னான். அவனுக்கு கேக்கலையா, இல்ல கேட்டும் திரும்பலையா, அது எனக்கு எப்படி சார் தெரியும்?